ஸ்டெம் செல் சிகிச்சைக்குப் பின் நுரையீரலில் பூஞ்சை: கண்டறிவதில் ஏன் இத்தனை குழப்பம்?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாரிடமிருந்தும் அவர்களைப் பராமரிப்பவர்களிடமிருந்தும் வந்த கடிதங்களில் பல, நுரையீரலைத் தாக்கும் பூஞ்சைத் தொற்றை எப்படி உறுதி செய்கிறார்கள் என்ற ஒரே சந்தேகத்தைச் சுற்றியே அமைந்திருந்தன. ஆகவே இந்த முறை பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். நோயாளியை நேரில் பார்க்கும் மருத்துவரின் முடிவுக்கு இந்தப் பதில்கள் மாற்றல்ல. அவர் ஏன் அப்படி முடிவெடுக்கிறார் என்பதைப் புரிந்துகொள்ள உதவலாம்.

கேள்வி: ரத்தப் புற்றுநோய்க்காக என் மகனுக்கு அவனுடைய அக்காவின் ஸ்டெம் செல்களைச் செலுத்தி 12 நாட்கள் ஆகின்றன. ஐந்து நாட்களாக ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை. மார்பு எக்ஸ்ரே தெளிவாக இருக்கிறது என்று சொன்ன மருத்துவர்களே அன்று மாலை சி.டி. ஸ்கேனும் எடுத்தார்கள். மற்றப் பரிசோதனை முடிவுகள் வருவதற்கு முன்பே பூஞ்சைக்கான மருந்தையும் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். என்ன நோய் என்றே உறுதியாகாமல் மருந்து கொடுப்பது சரியா, டாக்டர்?

பதில்: சரிதான். உங்கள் மகனின் நிலையில் உறுதியாகும் வரை காத்திருப்பதில்தான் ஆபத்து அதிகம்.

அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் மண்ணிலும் தூசியிலும் அழுகும் இலைதழைகளிலும் எங்கும் இருப்பவை. இரண்டு அல்லது மூன்று மைக்ரான் மட்டுமே பருமன் கொண்டவை என்பதால், மூச்சுடன் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை சென்றுவிடுகின்றன. நாம் எல்லோரும் நாள்தோறும் இவற்றை உள்ளிழுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். காற்றறைகளில் காவல் இருக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் வித்துகளை விழுங்கிவிடுகின்றன. தப்பித்து முளைவிடும் இழைகளை நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளணுக்கள் அழித்துவிடுகின்றன. மாற்றுச் சிகிச்சைக்கு முன் கொடுக்கப்படும் கடுமையான மருந்துகள் இந்த இரண்டாம் காவலை ஏறக்குறைய முழுவதுமாக நீக்கிவிடுகின்றன. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் நியூட்ரோஃபில் 500க்குக் கீழே இறங்கி, பத்து நாட்களுக்கு மேல் அப்படியே இருந்தால் பூஞ்சைத் தொற்றுக்கான அபாயம் வெகுவாக உயர்கிறது. புதிய செல்கள் எலும்பு மஜ்ஜையில் வேரூன்றி ரத்த அணுக்களை உற்பத்தி செய்யத் தொடங்குவதற்கு வழக்கமாக இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். உங்கள் மகன் இப்போது அந்த இடைவெளியின் நடுவில் இருக்கிறார்.

எக்ஸ்ரே தெளிவாக இருந்தது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எக்ஸ்ரேயில் நிமோனியா வெண்மையாகத் தெரிவதற்குக் காரணம், கிருமியை எதிர்க்க விரைந்து வரும் வெள்ளணுக்களும் அவற்றுடன் கசியும் நீரும் காற்றறைகளை நிரப்புவதுதான். வெள்ளணுவே இல்லாதவரிடம் அந்த எதிர்வினை மிகக் குறைவு. ஆகவே தொற்று பரவிக்கொண்டிருக்கும்போதும் எக்ஸ்ரே பல நாட்கள் சாதாரணமாகவே தோன்றலாம். இதே காரணத்தால் இருமலும் சளியும்கூடக் குறைவாகவே இருக்கும். மெல்லிய குறுக்குவெட்டுகளாக எடுக்கப்படும் சி.டி. ஸ்கேன் சில மில்லிமீட்டர் அளவுள்ள கணுக்களையும், அதாவது சிறு உருண்டை போன்ற அடர்ந்த திட்டுகளையும், காட்டிவிடும். தெளிவான எக்ஸ்ரேயை நம்பி சி.டி. ஸ்கேனைத் தள்ளிப்போடுவதை நான் ஏற்பதில்லை.

வெள்ளணு குறைந்த நோயாளியிடம் நான்கு முதல் ஏழு நாட்கள் ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் காய்ச்சல் நீடித்தால் பூஞ்சையைச் சந்தேகித்துத் தேடுவதும், தேவைப்பட்டால் மருந்தைத் தொடங்குவதும் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் நடைமுறை. இதில் இரண்டு வழிகள் உண்டு. காய்ச்சலை மட்டுமே அடிப்படையாகக் கொண்டு மருந்து தொடங்குவது ஒன்று. சி.டி. ஸ்கேனிலோ ரத்தத்திலோ ஏதேனும் அறிகுறி கிடைத்த பின் தொடங்குவது மற்றொன்று. இரண்டாவது வழியில் தேவையற்ற மருந்து குறையும். ஆனால் ஸ்கேனும் பரிசோதனை முடிவுகளும் உடனுக்குடன் கிடைக்கும் இடங்களில்தான் அதைப் பாதுகாப்பாகப் பின்பற்ற முடியும். எந்த வழியாயினும், மருந்து தொடங்கிவிட்டதால் தேடுதல் முடிந்துவிட்டதாகக் கருதக் கூடாது. உங்கள் மகனின் மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, அடுத்து எந்தப் பரிசோதனை, எப்போது என்பதுதான்.

கேள்வி: என் மனைவிக்கு மாற்றுச் சிகிச்சை நடந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. கேலக்டோமன்னன் என்ற ரத்தப் பரிசோதனையில் முதல் முறை 1.2 என்றும், நான்கு நாட்கள் கழித்து 0.3 என்றும் வந்தது. பூஞ்சை இருக்கிறதா, இல்லையா? ஒரே பரிசோதனை இரண்டு பதில்கள் சொன்னால் எதை நம்புவது?

பதில்: இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. அவை எப்படிப்பட்ட நிலையில் எடுக்கப்பட்டவை என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

கேலக்டோமன்னன் என்பது அஸ்பெர்ஜில்லஸின் செல்சுவரில் உள்ள ஒரு சர்க்கரைச் சேர்மம். பூஞ்சை திசுவுக்குள் வளரும்போது அது ரத்தத்தில் கசிகிறது. அந்தக் கசிவை அளக்கும் இந்தப் பரிசோதனை பூஞ்சையை நேரடியாகக் காண்பதில்லை. முடிவு ஒரு குறியீட்டெண்ணாக வருகிறது. பரிசோதனைப் பெட்டியைத் தயாரிப்பவர்கள் 0.5 ஐ எல்லையாக வைத்திருக்கிறார்கள். ஆய்வுகளுக்காகச் சர்வதேச நிபுணர் குழு 2020இல் வெளியிட்ட வரையறை இன்னும் கண்டிப்பானது: ரத்தத்தில் ஒரு முறை 1.0 அல்லது அதற்கு மேல், அல்லது நுரையீரலுக்குள் உப்புநீரைச் செலுத்தித் திரும்ப எடுக்கும் கழுவுநீரில் 1.0 அல்லது அதற்கு மேல், அல்லது ரத்தத்தில் 0.7 உடன் கழுவுநீரில் 0.8 இருந்தால்தான் அதைச் சான்றாகக் கொள்ளலாம் என்கிறது.

இப்போது ஒரு கணக்கைப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஆனால் வெள்ளணு குறைந்தவர்களிடம் இந்தப் பரிசோதனையின் திறனுக்கு ஓரளவு நெருக்கமானவை. நோய் உள்ள 100 பேரில் 70 பேரை இது கண்டுபிடிக்கிறது. நோய் இல்லாத 100 பேரில் 10 பேருக்குத் தவறாக "உண்டு" என்கிறது. அறிகுறி ஏதுமற்ற 1,000 பேரிடம் இதைச் செய்கிறோம், அவர்களில் 50 பேருக்குத்தான் உண்மையில் நோய் இருக்கிறது என்று கொள்வோம். நோயுள்ள 35 பேருக்கும் நோயற்ற 95 பேருக்கும் "உண்டு" என்று வரும். அதாவது "உண்டு" என்று வந்த 130 பேரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குத்தான் நோய். இதே பரிசோதனையை, சி.டி. ஸ்கேனில் சந்தேகத்துக்குரிய கணுக்கள் தெரிந்த 1,000 பேரிடம் செய்கிறோம், அவர்களில் 400 பேருக்கு நோய் இருக்கிறது என்று கொள்ளுங்கள். இப்போது "உண்டு" என்று வரும் 340 பேரில் 280 பேருக்கு உண்மையாகவே நோய் இருக்கும். ஆனால் இதே கூட்டத்தில் "இல்லை" என்று முடிவு பெற்ற 660 பேரிலும் 120 பேர் நோயுடன்தான் இருப்பார்கள். பரிசோதனை ஒன்றே, அதன் திறனும் ஒன்றே. யாரிடம் செய்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு அடியோடு மாறிவிடுகிறது. உங்கள் மனைவியின் 1.2 என்ற எண்ணுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதை அவருடைய சி.டி. ஸ்கேன்தான் பெரிதும் தீர்மானிக்கும்.

எண் தவறாக உயர்வதற்கு வேறு வழிகளும் உண்டு. மருந்துகளால் குடலின் உள்தோல் புண்பட்டிருந்தால் உணவில் உள்ள கேலக்டோமன்னன் ரத்தத்தில் கலக்கலாம். குளுக்கோனேட் கலந்த சில நரம்புவழித் திரவங்கள் காரணமாகலாம். பிப்பராசிலின்–டாசோபாக்டம் என்ற ஆன்டிபயாட்டிக் ஒரு காலத்தில் இதற்குப் பேர்போனது. தயாரிப்பு முறை மாறிய பின் அந்தத் தொல்லை பெருமளவு நீங்கிவிட்டது என்றாலும் பழைய எச்சரிக்கையைத் திருப்பிச் சொல்பவர்கள் இன்றும் உண்டு. ஃபுசேரியம், ஹிஸ்டோபிளாஸ்மா போன்ற வேறு பூஞ்சைகளும் இதே பரிசோதனையில் உயர்வைக் காட்டும்.

எண் தவறாகத் தாழ்வதற்கான முதன்மைக் காரணம் பலரும் எண்ணிப் பார்க்காத ஒன்று: நோயாளி ஏற்கெனவே பூஞ்சைத் தடுப்பு மருந்து உட்கொண்டிருப்பது. போசாகோனசோல், வோரிகோனசோல் போன்றவை பூஞ்சையின் வளர்ச்சியை அடக்குவதால் ரத்தத்தில் கசியும் அளவும் குறைந்துவிடும். அதனால்தான் இத்தகைய தடுப்பு மருந்தில் இருப்பவர்களிடம் வாரம் இருமுறை இந்தப் பரிசோதனையைச் சடங்காகச் செய்ய வேண்டாம் என்று 2016இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதல் கூறுகிறது. சந்தேகம் எழும்போது செய்தால் போதும். உங்கள் மனைவிக்கு முதல் முடிவு வந்ததுமே சிகிச்சை தொடங்கப்பட்டிருந்தால், 0.3 என்பது முதல் முடிவு தவறு என்பதைக் காட்டுவதாக இல்லாமல், மருந்து வேலை செய்வதைக் காட்டுவதாகவும் இருக்கலாம். சிகிச்சை தொடங்கப்படாமலேயே இறங்கியிருந்து, ஸ்கேனும் தெளிவாக இருந்தால், முதல் எண் பெரும்பாலும் போலி.

இதனுடன் பீட்டா-டி-குளுக்கான் என்ற இன்னொரு பரிசோதனையும் எழுதப்படுவதுண்டு. குதிரைலாட நண்டின் ரத்த அணுக்களிலிருந்து எடுக்கப்படும் பொருளைக் கொண்டு இயங்கும் வியப்பான பரிசோதனை அது. பல வகைப் பூஞ்சைகளுக்கும் பொதுவான ஒரு சேர்மத்தை அளப்பதால் எந்தப் பூஞ்சை என்று சொல்லாது. டயாலிசிஸில் பயன்படும் சில சவ்வுகள், ஆல்புமின், இம்யூனோகுளோபுலின் ஊசி, அறுவை சிகிச்சையில் வைக்கும் பருத்தித் துணி எல்லாமே அதை உயர்த்திவிடும். மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இவற்றில் ஒன்றிரண்டாவது நடந்திருக்கும். நுரையீரலில் இழைப்பூஞ்சை இருக்கிறது என்பதற்கு நான் அதைச் சான்றாகக் கொள்வதில்லை. ஆனால் நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் வரும் நிமோனியாவில் அதன் அளவு மிக அதிகமாக உயரும் என்பதால், அளவு மிகக் குறைவாக இருந்தால் அந்த நோயைப் பெரும்பாலும் விலக்கிவிடலாம்.

கேள்வி: கணவருக்குத் தட்டணுக்கள் 25,000தான் இருக்கின்றன. இந்த நிலையில் குழாய் விட்டு நுரையீரலைக் கழுவிப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். ஏற்கெனவே மருந்து கொடுக்கிறார்களே, பிறகு எதற்கு இந்தத் துன்பம்?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, ஆயினும் மருத்துவர்களின் யோசனையை ஏற்பது நல்லது என்றே நினைக்கிறேன்.

பிராங்கோஸ்கோபி மூலம் பாதிக்கப்பட்ட பகுதிக்குள் உப்புநீரைச் செலுத்தி, அதைத் திரும்ப உறிஞ்சி எடுப்பதே கழுவுநீர்ப் பரிசோதனை. இதில் திசுவை வெட்டி எடுப்பதில்லை. அதனால் தட்டணுக்கள் குறைவாக இருக்கும்போதும், தேவையானால் தட்டணு ஏற்றிக்கொண்டு, பெரும்பாலும் பாதுகாப்பாகச் செய்துவிட முடிகிறது. குழாய் வழியே திசுத் துணுக்கு எடுப்பதிலும், மார்பின் வெளியிலிருந்து ஊசி செலுத்தி எடுப்பதிலும்தான் ரத்தக்கசிவு அபாயம் அதிகம். அவற்றுக்கு ஏறக்குறைய 50,000 தட்டணுக்களாவது இருக்க வேண்டும் என்று பல மருத்துவர்கள் எதிர்பார்ப்பார்கள். நோயாளிக்கு ஆக்சிஜன் தேவை கூடிக்கொண்டே போகிறது என்றால் கணக்கு மாறும், ஏனெனில் கழுவிய பின் சில மணி நேரம் மூச்சுத்திணறல் அதிகரிக்கக்கூடும். கணவரின் ஆக்சிஜன் அளவு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். தட்டணு எண்ணிக்கையைவிட அதுதான் இங்கே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எதற்கு என்பதற்கு வருகிறேன். மாற்றுச் சிகிச்சை பெற்றவரின் சி.டி. ஸ்கேனில் புதிதாக ஒரு நிழல் தெரிந்தால், அது பூஞ்சையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சூடோமோனாஸ், நோகார்டியா போன்ற பாக்டீரியாக்கள், காசநோய், சைட்டோமெகலோ வைரஸ், காற்றறைகளுக்குள் நிகழும் ரத்தக்கசிவு, கிருமி எதுவும் இல்லாமலே சிகிச்சையின் விளைவாக வரும் நுரையீரல் அழற்சி, உடலில் நீர் தேங்குவது, மாற்றுச் சிகிச்சைக்குக் காரணமான நோயே திரும்புவது என்று பட்டியல் நீளமானது. இவற்றில் சிலவற்றுக்கு ஸ்டீராய்டு கொடுக்க வேண்டும். பூஞ்சை இருப்பவருக்கு அதையே கொடுத்தால் நிலை மோசமாகும். ஆகவே, கொடுத்துக்கொண்டிருக்கும் மருந்து சரியானதா என்பதுடன், கொடுக்கக் கூடாத மருந்து எது என்பதையும் அந்தக் கழுவுநீர் சொல்லும். ஒரே மாதிரியிலிருந்து நுண்ணோக்கிப் பார்வை, வளர்ப்புச் சோதனை, கேலக்டோமன்னன், பூஞ்சைக்கும் வைரஸ்களுக்குமான பி.சி.ஆர்., காசநோய்ச் சோதனை அனைத்தையும் செய்துவிடலாம். ரத்தத்தில் கேலக்டோமன்னன் தென்படாதவர்களில் கணிசமானோரிடம் கழுவுநீரில் அது கிடைத்துவிடுகிறது.

செய்வதானால் சீக்கிரம் செய்ய வேண்டும். மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களிடம் நோய் தென்பட்ட முதல் நான்கு நாட்களுக்குள் கழுவுநீர் எடுத்தபோது, காரணம் கண்டறியப்படும் வாய்ப்பு தாமதித்து எடுத்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்ததாக 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மருந்து ஏற ஏற மாதிரியில் கிருமி கிடைப்பது அரிதாகிக்கொண்டே போகும். ஒரு வாரம் மருந்து கொடுத்துப் பார்ப்போம், கேட்காவிட்டால் குழாய் விடலாம் என்ற யோசனை கேட்பதற்கு இதமாக இருந்தாலும், அந்த ஒரு வாரத்தில் பரிசோதனையின் பயனில் பெரும்பகுதி போய்விடும்.

கேள்வி: அறிக்கையில் "சாத்தியமான பூஞ்சைத் தொற்று" என்று எழுதியிருக்கிறார்கள். மருத்துவர்களுக்கே தெரியவில்லை என்பதைத்தான் இப்படி நாசூக்காகச் சொல்கிறார்களா?

பதில்: அது நாசூக்கு அல்ல. சர்வதேச அளவில் 2002இல் வகுக்கப்பட்டு, 2008இலும் 2020இலும் திருத்தப்பட்ட ஒரு தரவரிசையின் ஒரு படி.

திசுவில் பூஞ்சை இழைகள் ஊடுருவியிருப்பதை நுண்ணோக்கியில் கண்டாலோ, கிருமிகள் இல்லாத உறுப்புப் பகுதியிலிருந்து தூய முறையில் எடுத்த மாதிரியில் பூஞ்சை வளர்ந்தாலோ அது "உறுதியானது". அதற்கு அடுத்த படிக்கு மூன்று கூறுகள் தேவை: நீண்ட நாள் வெள்ளணுக் குறைவு, கொடையாளியிடமிருந்து பெற்ற ஸ்டெம் செல், அண்மையில் மூன்று வாரங்களோ அதற்கு மேலோ கணிசமான அளவில் ஸ்டீராய்டு போன்ற ஒரு பின்புலம்; சி.டி. ஸ்கேனில் பொருத்தமான மாற்றம்; ஆய்வகத்தில் பூஞ்சைக்கான ஏதேனும் ஒரு சான்று. மூன்றும் இருந்தால் "பெரும்பாலும் உண்டு". ஆய்வகச் சான்று மட்டும் கிடைக்காமல் மற்ற இரண்டும் இருந்தால் "சாத்தியமானது". உங்கள் அறிக்கை சொல்வது இதைத்தான்.

இந்தத் தரவரிசை, வெவ்வேறு மருத்துவமனைகளில் நடக்கும் ஆய்வுகளை ஒப்பிடுவதற்காக உருவாக்கப்பட்டது. யாருக்கு மருந்து கொடுப்பது என்பதைத் தீர்மானிப்பதற்காக அல்ல. வகுத்தவர்களே அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். நடைமுறையில் சிகிச்சை பெறுபவர்களில் சிறு பகுதியினரே "உறுதியானது" என்ற படியை எட்டுகிறார்கள், ஏனெனில் திசு எடுப்பது பலருக்கும் ஆபத்தானது. "சாத்தியமானது" என்ற படியில் இருப்பவருக்கும் முழுமையான சிகிச்சையே கொடுக்கப்படும். ஆனால் அந்தப் படியில் இருப்பவர் மருந்துக்கு எதிர்பார்த்தபடி தேறாவிட்டால், மருந்தை மாற்றுவதற்கு முன் நோயே வேறாக இருக்குமோ என்று மருத்துவர் முதலில் யோசிக்க வேண்டும்.

கேள்வி: பூஞ்சைக்கான மருந்தைத் தொடங்கி எட்டு நாட்கள் கழித்து எடுத்த ஸ்கேனில், முதலில் இருந்ததைவிடக் கணு பெரிதாகியிருக்கிறது, சுற்றியிருந்த வளையம் மறைந்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறார்கள். மருந்து தோற்றுவிட்டதா?

பதில்: அப்படி முடிவு கட்டுவதற்கு இது ஏற்ற நாள் அல்ல.

அஸ்பெர்ஜில்லஸ் ரத்தக் குழாய்களுக்குள் புகுந்து அடைக்கும் இயல்புடையது. அடைபட்ட குழாய்க்கு அப்பால் உள்ள திசு இறந்து அடர்ந்த கணுவாகத் தெரியும். அதைச் சுற்றிக் கசியும் ரத்தம் மங்கலான வளையமாகத் தெரியும். நிலவு கோட்டை கட்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தோற்றம் எளிதில் பிடிபடும். வெள்ளணு குறைந்த நோயாளியிடம் இந்த வளையம் ஆரம்பக் கட்டத்துக்கான வலுவான தடயம். ஆனால் ஆயுள் குறைந்தது. முதல் சில நாட்களில் தெரிந்து, ஒரு வாரத்துக்குள் பெரும்பாலானோரிடம் மறைந்துவிடும். அது மறைவது குணமும் அல்ல, தோல்வியும் அல்ல.

சரியான மருந்து சரியான அளவில் கிடைத்துக்கொண்டிருக்கும்போதும், முதல் ஏழு முதல் பத்து நாட்களில் கணு பெரிதாவது நன்கு அறியப்பட்ட நிகழ்வு. வெள்ளணுக்கள் திரும்பி வரும்போது அவை தொற்றுள்ள இடத்தில் குவிவதும் இதற்கு ஒரு காரணம். அடுத்த கட்டமாக, இறந்த திசு சுருங்கிச் சுற்றிலும் பிறை வடிவில் காற்று தெரியத் தொடங்கும். வெள்ளணு மீண்டு வருவதன் அடையாளமாக வழக்கமாக இரண்டாம், மூன்றாம் வாரங்களில் இது தோன்றும். இருமலில் ரத்தம் வரும் அபாயமும் இதே கட்டத்தில்தான் அதிகம். சிறிதளவு வந்தாலும் உடனே தெரிவியுங்கள். நிலை மோசமாகாதவரை, மருந்தின் பயனை அளப்பதற்கான ஸ்கேனைச் சுமார் இரண்டு வாரங்களுக்குப் பின் எடுப்பதே பொருத்தம் என்பதற்கு இவையெல்லாம் காரணம். அதற்கு முன் எடுக்கும் ஸ்கேன் குடும்பத்தாரைக் கலங்கடிப்பதோடு சில சமயம் மருத்துவரையும் அவசரப்படுத்திவிடும்.

இதற்கிடையே பார்க்க வேண்டியவை நோயாளியின் காய்ச்சலும் ஆக்சிஜன் அளவும், முதலில் கேலக்டோமன்னன் உயர்ந்திருந்தால் அது இறங்குகிறதா என்பதும், வோரிகோனசோல் கொடுக்கப்படுகிறதென்றால் ரத்தத்தில் அதன் அளவும். அந்த மருந்தை உடல் கையாளும் வேகம் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும். ஒரே மாத்திரை ஒருவருக்குப் போதாமலும் இன்னொருவருக்கு நச்சாகவும் ஆகலாம். மாற்றுச் சிகிச்சைக்குப் பின் கொடுக்கப்படும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகியவற்றின் அளவையும் அது உயர்த்திவிடும். கணு பெரிதானதும் மருந்தை மாற்றுவதைவிட, இந்த அளவைச் சரிபார்ப்பது முதலில் செய்ய வேண்டியது.

கேள்வி: எனக்கு மாற்றுச் சிகிச்சை முடிந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. வெள்ளணுக்கள் சாதாரண அளவில் இருக்கின்றன. தோலிலும் குடலிலும் ஜி.வி.எச்.டி. வந்ததால் ஸ்டீராய்டு எடுத்துக்கொள்கிறேன். காய்ச்சல் இல்லை, வறட்டு இருமல் மட்டும் இருக்கிறது. பூஞ்சை அபாயக் கட்டத்தைத் தாண்டிவிட்டேன் அல்லவா?

பதில்: தாண்டவில்லை. அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும் நாள் வரை காத்திருக்காமல் உங்கள் குழுவை உடனே அழையுங்கள்.

மாற்றுச் சிகிச்சைக்குப் பின் பூஞ்சை அபாயம் இரண்டு அலைகளாக வருகிறது. வெள்ளணு இல்லாத முதல் வாரங்கள் முதல் அலை. கொடையாளியின் செல்கள் நோயாளியின் உறுப்புகளைத் தாக்கும் ஜி.வி.எச்.டி. என்ற நிலையும், அதை அடக்கக் கொடுக்கப்படும் ஸ்டீராய்டும் சேர்ந்து கொண்டுவருவது இரண்டாம் அலை. இரண்டாவதில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை சரியாக இருக்கும். ஆனால் ஸ்டீராய்டின் கீழ் அவை சரியாக வேலை செய்வதில்லை. வீடு திரும்பி, எல்லோருடைய கண்காணிப்பும் தளர்ந்திருக்கும் காலத்தில் வருவதால் இந்த அலையைத் தவறவிடுவது எளிது.

நோயின் தோற்றமும் வேறு. ஸ்டீராய்டு காய்ச்சலை மறைத்துவிடும். பூஞ்சை ரத்தக் குழாய்களைவிட மூச்சுக்குழல்களின் சுவரையே அதிகம் பற்றுவதால், ஸ்கேனில் வளையம் சூழ்ந்த கணு தெரியாமல், மூச்சுக்குழல்களை ஒட்டிச் சிறு புள்ளிகளும் திட்டுகளும் தெரியலாம். சாதாரண நிமோனியா அல்லது வைரஸ் தொற்று என்று அவற்றைக் கடந்துபோய்விட வாய்ப்புண்டு. ரத்தத்தில் கேலக்டோமன்னனும் இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் உயர்வதில்லை. திரும்பி வந்த வெள்ளணுக்கள் அதை அப்புறப்படுத்திவிடுகின்றன. ஆகவே உங்களைப் போன்றவரிடம் ரத்தப் பரிசோதனையில் "இல்லை" என்று வந்தால் அதற்கு நான் மிகக் குறைந்த மதிப்பே கொடுப்பேன். மருத்துவரிடம் பேசும்போது எத்தனை மில்லிகிராம் ஸ்டீராய்டு, எத்தனை வாரங்களாக, பூஞ்சைத் தடுப்பு மருந்தையும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையையும் விடாமல் எடுத்தீர்களா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பின்னது நியூமோசிஸ்டிஸ் நிமோனியாவைத் தடுப்பதற்காகக் கொடுக்கப்படுவது. அந்தப் பூஞ்சையின் செல்சவ்வில் மற்றப் பூஞ்சைகளில் இருக்கும் எர்கோஸ்டெரால் இல்லாததால், வழக்கமான பூஞ்சை மருந்துகள் அதன் மேல் வேலை செய்யா.

கேள்வி: சளிப் பரிசோதனையில் கேண்டிடா வளர்ந்திருக்கிறது. நுரையீரல் பூஞ்சை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: பொதுவாகக் கூடாது. கேண்டிடா வாயிலும் தொண்டையிலும் குடியிருப்பது. சளி வெளிவரும் வழியில் அதனுடன் சேர்ந்துவிடும். நுரையீரல் திசுவைத் தாக்கும் கேண்டிடா நிமோனியா மிக அரிது. ரத்தத்தில் கேண்டிடா வளர்ந்தால் அது முற்றிலும் வேறு, அவசரமான விஷயம். அஸ்பெர்ஜில்லஸ் இதற்கு நேர் எதிரானது: ரத்தத்தில் வளர்வது மிகமிக அரிது, ஆனால் மாற்றுச் சிகிச்சை பெற்றவரின் சளியில் ஒரு முறை வளர்ந்தாலும் அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

கேள்வி: பூஞ்சை என்று தெரிந்த பிறகு அது எந்தப் பூஞ்சை என்று ஏன் மெனக்கெட வேண்டும்? எல்லாவற்றுக்கும் பொதுவான மருந்து இல்லையா? (செவிலியர் ஒருவர்)

பதில்: இருந்தால் நம் வேலை பாதியாகக் குறைந்திருக்கும்.

அமெரிக்காவின் 23 மையங்களில் 2001 முதல் 2006 வரை ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வொன்றில், உடலை ஊடுருவிய பூஞ்சைத் தொற்றுகளில் 43 விழுக்காடு அஸ்பெர்ஜில்லஸ், 28 விழுக்காடு கேண்டிடா, 8 விழுக்காடு மியூக்கர் வகை. அஸ்பெர்ஜில்லஸுக்கு முதன்மை மருந்துகளில் ஒன்று வோரிகோனசோல். 2002இல் வெளியான ஒப்பீட்டில் 12 வாரங்கள் கழித்து உயிருடன் இருந்தவர்கள் வோரிகோனசோல் பெற்றவர்களில் சுமார் 71 விழுக்காடு, பழைய ஆம்போடெரிசின் பெற்றவர்களில் சுமார் 58 விழுக்காடு. ஆனால் கருப்புப் பூஞ்சை என்று மக்கள் அழைக்கும் மியூக்கர் வகைகளின் மீது வோரிகோனசோலுக்கு எந்தப் பிடியும் இல்லை. அவற்றுக்கு லைப்போசோமல் ஆம்போடெரிசின் உடனே வேண்டும். இறந்த திசுவை அறுவை சிகிச்சையில் அகற்றவும் வேண்டியிருக்கலாம். ஸ்கெடோஸ்போரியம் என்ற இன்னொரு வகையோ ஆம்போடெரிசினுக்கே அடங்காதது.

மியூக்கரில் கேலக்டோமன்னனும் இல்லை. பீட்டா-டி-குளுக்கான் பரிசோதனையும் வழக்கமாக உயர்வதில்லை. ஸ்கேனில் பூஞ்சை போலத் தெரிந்து, இரண்டு பரிசோதனைகளிலும் "இல்லை" என்று வந்து, நோயாளி வோரிகோனசோல் எடுத்துக்கொண்டிருக்கும்போதே நோய் முற்றினால், நான் முதலில் நினைப்பது மியூக்கரைத்தான். ஸ்கேனில் நடுவே மங்கலும் ஓரத்தில் அடர்ந்த வளையமுமாகத் தலைகீழ் அமைப்புத் தெரிவது, பத்துக்கு மேற்பட்ட கணுக்கள், மார்புக்கூட்டுக்குள் நீர், சைனஸ் வலி அல்லது முகவீக்கம் ஆகியவை சந்தேகத்தை வலுப்படுத்தும். தலைகீழ் வளையம் வேறு சில அழற்சி நோய்களிலும் தெரியும் என்பதால் அது மட்டுமே போதாது.

இங்கே முடிவைத் தருவது பெரும்பாலும் பழைய நுண்ணோக்கிதான். வெள்ளிச் சாயமேற்றிய திசுவில், குறுக்குச் சுவர்களுடன், கூர்ங்கோணத்தில் கிளைக்கும் மெல்லிய இழைகள் தெரிந்தால் அஸ்பெர்ஜில்லஸை நினைக்க வேண்டும். அகன்று, நாடாவாக மடிந்து, குறுக்குச் சுவர் அரிதாகி, ஏறத்தாழ செங்கோணத்தில் கிளைத்தால் மியூக்கரை நினைக்க வேண்டும். ஃபுசேரியமும் ஸ்கெடோஸ்போரியமும் அஸ்பெர்ஜில்லஸைப் போலவே தோன்றும் என்பதால் வளர்ப்புச் சோதனையும் பி.சி.ஆரும் தேவைப்படுகின்றன. செவிலியராக உங்கள் கையில் இருப்பது முக்கியமான ஒன்று: எடுத்த திசு முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் அதிலிருந்து எதையும் வளர்க்க முடியாது. ஒரு பகுதியை ஃபார்மலினிலும் மற்றொரு பகுதியைத் தூய உப்புநீரிலும் அனுப்புவதுடன், மியூக்கர் சந்தேகம் இருந்தால் அதைப் படிவத்தில் எழுதிவிடுங்கள். மென்மையான அந்த இழைகளை ஆய்வகத்தில் அரைத்துக் கூழாக்கினால் அவை சிதைந்து வளராமல் போகும். எழுதியிருந்தால் நறுக்கி மட்டுமே வைப்பார்கள்.

கேள்வி: பூஞ்சைத் தொற்று உள்ளவரைப் பார்க்கச் செல்லும் எங்களுக்கு அது ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: அஸ்பெர்ஜில்லஸும் மியூக்கரும் நோயாளியின் மூச்சிலிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. கவலைப்பட வேண்டியது எதிர்த்திசையில்: உங்களுக்கு இருக்கும் ஜலதோஷம் அவருக்குப் போவதுதான். இன்ஃபுளூயன்சா, பாராஇன்ஃபுளூயன்சா போன்ற சுவாச வைரஸ்கள் மூச்சுக்குழல்களின் உட்சுவரைச் சேதப்படுத்திப் பூஞ்சை பற்றிக்கொள்ள இடம் கொடுக்கின்றன. தும்மலோ தொண்டை வலியோ இருக்கும் நாட்களில் அவரைப் பார்க்கச் செல்லாதீர்கள், தொலைபேசியில் பேசுங்கள்.